அப்பாவின் பென்சில் ஓவியங்கள், மகளின் கிரேயான் யானை: ஹாலில் மாட்டலாமா?

#1 · ஈரமண்

போன மாதம் புது வீட்டுக்குக் குடிவந்தோம். தாம்பரம் தாண்டி, நான்காவது மாடி, இரண்டு படுக்கையறை. சுவரெல்லாம் வெள்ளை. பால் காய்ச்சிய அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "ஹால் மொட்டையா இருக்கே" என்றார்கள். மீதிப் பேர் ஏழு குதிரைப் படம் மாட்டச் சொன்னார்கள்.

என் பிரச்சினை குதிரை இல்லை. அப்பா அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக 31 வருடம் இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அவர் வரைந்த பென்சில் ஓவியங்கள் நாற்பதுக்கு மேல் ஒரு தகரப் பெட்டியில் என்னிடம் இருக்கின்றன. மாட்டுச்சந்தை, எங்கள் ஊர்த் தெப்பக்குளம், சைக்கிள் கடை, அம்மா சின்ன வெங்காயம் உரிப்பது, இப்படி. ஒன்றுகூட இதுவரை சுவரைப் பார்த்ததில்லை. வாடகை வீட்டுக்காரர்கள் ஆணி அடிக்க விட்டால்தானே!

இன்னொரு பக்கம் என் மகள். ஆறு வயது. கரண்ட் பில்லின் பின்பக்கத்தைக்கூட விட்டுவைக்க மாட்டாள். போன வாரம் ஊதா நிறத்தில் ஒரு யானை வரைந்தாள். வீட்டுக்குள்ளே வரமுடியாமல் கதவில் மாட்டிக்கொண்ட யானை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

இரண்டையும் ஹாலிலேயே மாட்டலாம் என்றேன். "ஸ்கூல் எக்ஸிபிஷன் மாதிரி ஆயிடும்" என்கிறார் என் வீட்டுக்காரர். இன்டீரியர் வேலை செய்பவர் ஒரு பிளான் கொடுத்திருக்கிறார். ஹாலுக்குத் தங்க இலைகள் போட்ட பெரிய கேன்வாஸ் பிரிண்ட். பிள்ளைகள் அறைக்கு ஒரு சுவர் முழுக்கக் காட்டு விலங்கு வால்பேப்பர். பையனுக்குப் பதினொரு வயது, அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · சுண்டல்

ஏழு குதிரைக்கு என் ஓட்டு. ஓடுகிற குதிரை வீட்டுக்குள்ளே ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும், வெளியே ஓடக்கூடாதாம். என் மாமியார் வீட்டில் திருப்பி மாட்டிவிட்டு ஒரு வருடம் சண்டை நடந்தது.

#3 · பீடிங்காரன்

அக்கா, நான் மதுரையில் ஃபிரேம் கடை வைத்திருக்கிறேன். எங்கே மாட்டுவது என்பதை நீங்களும் மாமாவும் பேசி முடிவு பண்ணுங்கள். அதற்கு முன்னால் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழுப்பேறி ஓரம் உடைகிறதா, ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு ஓடும், அதுதான். காகிதத்தைச் சுருட்டாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். அஞ்சு வருடத்தில் அந்த இடம் டீக்கறை மாதிரி ஆகிவிடும், அப்புறம் எடுக்கவும் முடியாது.

கடைக்குக் கொண்டுபோனால் முக்கால்வாசிக் கடைகளில் என்ன செய்வார்கள் தெரியுமா? ஹார்டுபோர்டு மேலே பசை தடவி ஓவியத்தை ஒட்டுவார்கள், மேலே நேரே கண்ணாடி. சாமி படத்துக்கு அது போதும். பென்சில் ஓவியத்துக்குக் கூடாது. கண்ணாடியும் காகிதமும் தொடக்கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும், பென்சில் தூளும் கண்ணாடியோடு வந்துவிடும். நடுவில் சதுரமாக வெட்டிய மவுண்ட் போர்டு வைக்கச் சொல்லுங்கள். அமிலம் இல்லாத போர்டு என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூடத்தான் ஆகும். பின்பக்கம் பசை வேண்டாம், மேல் விளிம்பில் மட்டும் காகிதக் கீல் மாதிரி தொங்கவிட்டால் போதும். மைதாப் பசை போட்டால் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

லேமினேஷன் பண்ணித் தரேன் என்று யாராவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். அது திரும்ப வராத வழி.

அப்புறம் வெயில். பென்சில் கரி மங்காது, காகிதம்தான் மஞ்சளாகும். ஆனால் பாப்பா ஸ்கெட்ச் பேனாவில் போட்டது வேறு கதை. என் பையன் வரைந்த கிளியைக் கடை முகப்பில் மாட்டியிருந்தேன். சித்திரை வெயிலில் மாட்டினது, ஆடிக்குள் பச்சை போய்விட்டது, மூக்கு மட்டும்தான் மிச்சம். அவன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். கிரேயான் பரவாயில்லை, மெழுகு, கொஞ்சம் தாங்கும். எதற்கும் ஸ்கேன் எடுத்து வையுங்கள். மாட்டுவதற்குப் பிரதி, பெட்டிக்கு அசல் என்று வைத்தாலும் தப்பில்லை.

#4 · நாலாம்மாடி

நானும் அதே மாதிரிப் புது அபார்ட்மென்ட்தான். படத்தை விடுங்கள், முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். செங்கல் சுவர் இப்போது குறைவு. எங்கள் வீட்டில் உள்சுவர்கூட வார்த்த கான்கிரீட். ஆணி வளைந்து திரும்ப என் நெற்றிக்கே வந்தது. ஹேமர் டிரில்தான் ஒரே வழி. இன்னொரு பக்கம், லேசான பிளாக் கட்டிய சுவராக இருந்தால் ஆணி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், படமும் அதே மாதிரி இறங்கி வந்துவிடும். அதற்கு நீளமான பிளக் போட்டு ஸ்க்ரூ முடுக்க வேண்டும்.

சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். வயர் பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். எங்கள் வீட்டு ஆள் போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க மெழுகுவர்த்திதான்.

#5 · மூணுபிள்ளைக்காரி

பிள்ளைகள் அறையைப் பற்றி எல்லோரும் சுவரிலிருந்தே ஆரம்பிக்கிறீர்கள். நான் ஒரு கேள்வி கேட்கிறேன். ராத்திரி அந்த அறையில் யார் படுக்கிறார்கள்?

எங்கள் வீட்டில் 2019ல் பிள்ளைகள் அறைக்குத் தனியாகச் செலவு பண்ணினோம். மேகம் வரைந்த சீலிங், கார் மாதிரிக் கட்டில், இருட்டில் மின்னுகிற நட்சத்திர ஸ்டிக்கர். மூன்று பேரும் ஒருநாள்கூட அங்கே தூங்கவில்லை. எங்கள் அறையில் பாய் விரித்து வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். அந்தக் கார் கட்டிலில் இஸ்திரி போட வேண்டிய துணி இரண்டு வருடம் பயணம் செய்தது. ஊரிலிருந்து மாமனார் வந்தால் காருக்குள் காலை மடக்கிப் படுப்பார், பாவம். நட்சத்திரத்தைப் பிய்த்தபோது பெயின்ட்டும் சேர்ந்து வந்தது, சீலிங்கில் இப்போது அம்மைத் தழும்பு.

பெரியவளுக்குப் பன்னிரண்டு ஆனபோதுதான் "எனக்குன்னு கதவு வேணும்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்: கதவு, ஒரு மேசை, ஒரு விளக்கு, தம்பி தொடாத ஒரு இழுப்பறை. நிறம்கூட அவள் கேட்கவில்லை.

உங்கள் பையன் பேசாமல் எழுந்து போனான் என்கிறீர்களே, அவன் பதில் சொல்லிவிட்டான். பதினொரு வயதுக்காரனுக்குச் சிங்கக்குட்டி வால்பேப்பர் போட்டால் நண்பர்களை எப்படி வீட்டுக்குக் கூட்டி வருவான்?

#6 · ஈரமண்

மூணுபிள்ளைக்காரி அக்கா, நேரே நெஞ்சில் குத்திவிட்டீர்கள். இப்போதைக்கு மகள் எங்களோடுதான் படுக்கிறாள். பையன் ஹாலில். அந்த அறையில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் படுத்திருக்கின்றன.

வால்பேப்பரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

#7 · வெற்றுச்சுவர்

எல்லோரும் திட்டுவீர்கள், பரவாயில்லை. நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி.

என் தங்கை வீட்டுக்குப் போனால் கால் வைத்த இடமெல்லாம் பிள்ளை வரைந்த படம். கதவில், ஃபிரிட்ஜில், டிவிக்கு மேலே. ஒவ்வொன்றையும் காட்டி "இது என்னன்னு சொல்லுங்க மாமா" என்று பரீட்சை வேறு. நான் நாய் என்றேன். அது என் அம்மாவாம். பாசம் எனக்கும் உண்டு. ஆனால் வேலை முடிந்து வந்து உட்காருகிற இடத்தில் கண் போய் நிற்க ஒரு வெறும் சுவர் வேண்டும் என்று கேட்பதில் என்ன குற்றம்? இருக்கிற எல்லாவற்றையும் மாட்டினால் எதையுமே யாரும் பார்க்க மாட்டார்கள். நாற்பது ஓவியத்தில் நாலு எடுங்கள். அந்த நாலுக்கும் சுற்றி இடம் விடுங்கள்.

#8 · கரும்பலகை

வெற்றுச்சுவர் சார் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். நான் ஓவிய ஆசிரியை. என் வகுப்பில் வாரத்துக்கு முன்னூறு படம் வரும், எல்லாவற்றையும் ஒட்டினால் சுவர் தெரியாது.

ஆனால் இங்கே யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். ஈரமண், யானையை மாட்டலாமா என்று பாப்பாவைக் கேட்டீர்களா?

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் படத்தை அவள் அப்பா பெரிதாக ஃபிரேம் போட்டு வாசலில் மாட்டினார். வருகிற எல்லோரிடமும் "ஐந்து வயதில் போட்டது" என்று பெருமை. அந்தப் பெண் இப்போது எட்டாவது. ஒருநாள் என்னிடம் வந்து "மிஸ், அதில் கை ஏழு விரல். எல்லாரும் எண்ணுறாங்க. எடுக்கச் சொல்லுங்க" என்றாள். நமக்கு அது அழகு. அவளுக்கு அது திருத்தாத பரீட்சைப் பேப்பர். ஐந்து வயதில் மாட்டியதைப் பதினான்கு வயதில் இறக்கச் சொல்லும் உரிமை அவளுக்கு வேண்டும்.

நான் பெற்றோருக்குச் சொல்லும் வழி இது. சுவரில் ஒரு கம்பி கட்டுங்கள், துணிக் கிளிப் நாலு போடுங்கள். அது பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும், உங்கள் கண் உயரத்தில் வேண்டாம். எதைத் தொங்கவிடுவது, எதை எடுப்பது என்பது அவள் பாடு. நாலு கிளிப்தான், ஐந்தாவது வந்தால் ஒன்று இறங்க வேண்டும். ஒரு மாதத்தில் பாருங்கள், தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டிருப்பாள். இறங்கியது குப்பைக்குப் போகாமல் ஒரு ஏ3 ஃபைலுக்குப் போகட்டும். பின்பக்கம் பென்சிலால் தேதியும், அவள் சொன்ன விளக்கமும். "கதவில் மாட்டிக்கொண்ட யானை" என்பதை எழுதி வைக்காவிட்டால் பத்து வருடம் கழித்து அது வெறும் ஊதா மூட்டை.

ஹாலுக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தங்க இலை பிரிண்ட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்குச் சின்னதாக ஒரு அசல் கிடைக்குமா என்று பாருங்கள். உங்களுக்குச் சோழமண்டலம் ஒன்றும் தூரமில்லை. 1966ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய கிராமம். மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் செய்து விற்றுத்தான் அந்த இடத்துக்கே வழி பண்ணினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

#9 · சுண்டல்

ஏழு விரல், ஏழு குதிரை. வாஸ்துப்படி சரிதானே.

#10 · வடதுருவம்

நான் வேலைக்காக மூன்று வருடம் ஸ்வீடனில் இருந்தேன். அங்கே ஃபாலூன் பக்கத்தில் சுண்ட்போர்ன் என்று ஒரு கிராமம். கார்ல் லார்சன் என்ற ஓவியரின் வீடு இருக்கிறது, இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி காரினின் அப்பா 1888ல் கொடுத்த சின்ன மரவீடு. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க வீட்டையும் கூட்டிக் கூட்டிக் கட்டியிருக்கிறார்கள்.

அங்கே படத்தைச் சுவரில் மாட்டுவது மட்டும் இல்லை, கதவிலேயே வரைந்திருக்கிறார். கதவைத் திறக்கப் போனால் அதில் ஒரு முகம். சாப்பாட்டு அறை சிவப்பும் பச்சையும். யாராவது என்னிடம் அந்த நிறச் சேர்க்கையைச் சொல்லியிருந்தால் கட்சிக் கொடியா என்று கேட்டிருப்பேன். நேரில் பார்த்தால் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடத் தோன்றுகிறது.

பேர் முழுக்கக் கார்லுக்குப் போய்விட்டது. காரினும் படித்த ஓவியர்தான். திரை, மேசை விரிப்பு, மெத்தை உறை என்று வீட்டில் கண்ணில் படுகிற நெசவுகள் அந்த அம்மா செய்தவை. சாமான்கள் சிலவற்றையும் அவரே வடிவமைத்திருக்கிறார். பெரிய கேன்வாஸை எல்லோரும் பார்ப்பார்கள், மேசை விரிப்பை யார் பார்ப்பார்? ஈரமண், உங்கள் அம்மா கையால் செய்தது எதுவும் இருக்கிறதா? பூப்போட்ட தலையணை உறை, ஒயர் கூடை மாதிரி ஏதாவது? அப்பா பெட்டியைத் திறக்கும்போது அம்மா பெட்டியையும் திறங்கள்.

#11 · பழையவீடு

புது வீட்டுக்காரர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் தாத்தா வீட்டைச் சரிபண்ணிக் குழந்தைக்கு அறை ஒதுக்குகிறவர்கள் கவனியுங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016ல் விதி வந்தது, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின எனாமல், ஜன்னல் கம்பி, பழைய கதவு, தொட்டில் எல்லாவற்றிலும் சந்தேகம் வேண்டும். உப்புத்தாள் போட்டுக் காய்ந்த பெயின்ட்டைத் தேய்க்கும்போது பறக்கிற தூள்தான் ஆபத்து. ஈரம் பண்ணித் தேய்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளை வேறு வீட்டில் விடுங்கள். நாங்கள் தெரியாமல் கைக்குழந்தையை வைத்துக்கொண்டே இரண்டு நாள் தேய்த்தோம். நல்லவேளை, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அந்தப் பத்து நாள் தூக்கம் இல்லை.

கரும்பலகை பெயின்ட் அடிக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால்: இழுப்பு இருக்கிற பிள்ளை என்றால் அடிக்காதீர்கள், சுண்ணக்கட்டித் தூள் ஆகாது. எங்கள் வீட்டில் ஒரு மாதத்தில் அழித்தோம்.

இன்னொன்று. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த புதையல், தாத்தா ஃபிரேம் போட்டு வைத்திருந்த காலண்டர் முருகன். அடியில் சின்ன எழுத்தில் சி. கொண்டைய ராஜு. கோவில்பட்டியில் இருந்து வரைந்து, சிவகாசியில் அச்சாகி, வீட்டுக்கு வீடு போனாரே, அவர்தான். சித்தப்பா அதைப் பரணில் போடச் சொன்னார். இப்போது அது என் மகள் மேசைக்கு மேலே இருக்கிறது. மயிலின் தோகையில் எத்தனை கண் என்று எண்ணிக்கொண்டே கணக்குப் போடுகிறாள். கணக்கு தப்பாகத்தான் வருகிறது.

#12 · ஈரமண்

நேற்று அம்மாவை வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். பீடிங்காரன் தம்பி சொன்னது சரிதான், மூன்று ஓவியத்தின் ஓரத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. மற்றவை பிழைத்தன. அப்பா ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, மூலையில் வசம்புத் துண்டு போட்டிருந்தார். வாசம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

இதில் ஒரு சிக்கல். ஹாலில் அப்பாவின் போட்டோ மாலையோடு தெற்குச் சுவரில் இருக்கிறது. ஓவியத்தையும் அதற்குப் பக்கத்தில் மாட்டலாம் என்றேன். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அங்க மாட்டினா இதுக்கும் பொட்டு வைப்ப. இது அவர் உசிரோட இருக்கப்ப போட்டது" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெங்காயம் உரிக்கிற படம் ஹாலுக்கு வரவே கூடாதாம். "வர்றவங்க முன்னாடி நான் நைட்டியோட உக்காந்திருக்கணுமா?" படத்தில் சேலைதான். சொன்னாலும் கேட்கவில்லை.

#13 · பீடிங்காரன்

அம்மா சொன்னதுதான் சரி அக்கா. போட்டோ இருக்கிற சுவரில் வேண்டாம். அந்தப் பூச்சி தின்ற மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். தின்ற இடம் மறைகிற மாதிரி மவுண்ட் ஜன்னலைச் சின்னதாக வெட்டலாம். வெளிப்பக்கச் சுவர் என்றால் ஓதம் இருக்கும், ஃபிரேமுக்குப் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டுங்கள். காற்று போக ஒரு விரல் இடைவெளி கிடைக்கும். பிள்ளைகள் அறையில் மாட்டுவதற்குக் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் ஷீட் போடச் சொல்லுங்கள். பந்து பட்டால் கீறல் விழும், சில்லு விழாது. கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே எதையும் மாட்டாதீர்கள்.

#14 · மூணுபிள்ளைக்காரி

அலமாரியையும் சுவரோடு எல்-கிளாம்ப் போட்டு முடுக்கிவிடுங்கள். இழுப்பறையைத் திறந்து படி மாதிரி ஏறுவார்கள். அனுபவம்.

#15 · ஈரமண்

இரண்டு மாதம் ஆகிவிட்டது. கேட்டவர்களுக்காக.

தங்க இலை வரவில்லை. ஹாலில் சோபாவுக்கு எதிர்ச்சுவர் வீட்டுக்காரருக்கு, அதாவது வெறும் சுவர். வெற்றுச்சுவர் சாருக்கு அவர் வணக்கம் சொல்லச் சொன்னார். சாப்பாட்டு மேசைப் பக்கம் அப்பாவின் ஐந்து ஓவியங்கள், ஒரே அளவு, ஒரே கறுப்புப் பீடிங். ஃபிரேமுக்கு நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு ஆனது, அதனால்தான் ஐந்து. போன வாரம் கியாஸ் போட வந்தவர் மாட்டுச்சந்தைப் படத்துக்கு முன்னால் நின்று "இது காங்கேயம் காளைங்க, திமிலைப் பாருங்க" என்றார். அப்பாவின் ஓவியத்தை எங்கள் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் பார்த்துப் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அம்மா பெட்டியில் குரோஷா டீப்பாய் விரிப்பு கிடைத்தது. துவைத்துப் போட்டிருக்கிறேன், வடதுருவம்.

கரும்பலகை டீச்சர், மகளைக் கேட்டேன். யானை வேண்டாமாம். "அது சோகமா இருக்கு, கதவுல மாட்டிக்கிச்சு, அதப் போய் எல்லாருக்கும் காட்டுவியா?" என்றாள். அவள் தேர்ந்தெடுத்து மாட்டியது எங்கள் லிஃப்ட்டின் படம். ஆள் இல்லாத லிஃப்ட், பொத்தான்கள் மட்டும், 4 என்பது திருப்பிப் போட்டது. யானையை என் பீரோ கதவின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன், அவளிடம் அனுமதி வாங்கித்தான்.

பையனின் அறைக்கு வெளிர் சாம்பல், கழுவக்கூடிய எமல்ஷன். அவன் கேட்டது ஒரு கார்க் போர்டு. அதில் இதுவரை பள்ளிப் பேருந்து நேரமும் ஒரு கிரிக்கெட் டிக்கெட்டும்தான். அறைக்குள் தங்கையின் படம் வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறான். எழுத்தைச் சுற்றி அவனே பூ வரைந்திருக்கிறான், நான் கண்டுகொள்ளவில்லை. ராத்திரி இரண்டு பேரும் இன்னும் பழைய இடத்தில்தான்: மகள் எங்களோடு, பையன் ஹாலில்.

டிரில் போட வந்தவர் ஒரு துளையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டார். அதை மறைக்கத்தான் லிஃப்ட் அங்கே இருக்கிறது, மகளுக்குத் தெரியாது.

வெங்காயப் படம் சமையலறைக்குப் போனது. அம்மா முதலில் முறைத்தார். இப்போது காய் நறுக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே திட்டுகிறார்: "மூக்கப் பாரு. எப்பவும் என் மூக்கப் பெருசாத்தான் போடுவார் அந்த மனுஷன்."

#16 · பீடிங்காரன்

அக்கா, அந்த மூக்குப் படம் அடுப்புக்குப் பக்கத்தில் இல்லையே? எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் கண்ணாடிக்குள்ளேயும் போகும்.

#17 · ஈரமண்

எதிர்ச்சுவர், தம்பி. ஃபிரிட்ஜுக்கு மேலே. அம்மா உயரத்துக்கு எட்டாத இடம். மூக்கை ரப்பர் போட்டு அழித்துவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறார்.